பின்விரல் இல்லாத தடம்

எங்கள் வீட்டுக் கொல்லைக் குழாய் ஒன்பது வருடமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வாஷர் போட்டால் நின்றுவிடும். பத்து நிமிட வேலை. வளைகுடாவில் இருபது வருடத்துக்கு மேல் தண்ணீர் டேங்கர் ஓட்டி, நடுப்பாலைவனத்தில் வால்வையும் பம்பையும் தனியாளாகக் கழற்றி மாட்டியவன், சொந்த வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்றத் துப்பில்லாமல் கிடக்கிறேன் என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். சொட்டுகிற இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு அருகம்புல் முளைத்திருக்கிறது. காலையில் பல் துலக்கப் போனால் முதலில் அந்த ஈரமண்ணைத்தான் குனிந்து பார்ப்பேன். மைனாவின் தடம் இருக்கும், பக்கத்து வீட்டுக் கோழியின் தடம் இருக்கும். எல்லாவற்றிலும் பின்னால் ஒரு விரல் ஊன்றிய அடையாளம் இருக்கும். பார்த்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விடுவேன்.

இது எப்போது தொடங்கிய பழக்கம் என்று கேட்டால் மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

எண்பதுகளின் நடுவில், அல் ஐனுக்குத் தெற்கே, தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்துக்கும் அப்பால் எங்கள் கேம்ப் இருந்தது. கேம்ப் என்றால் ஐந்து தகர அறைகளும் ஒரு சமையல் கொட்டகையும். சுற்றிலும் ஒட்டகப் பட்டிகள். எங்கள் கஃபீல், அதாவது எங்கள் விசா யார் கையில் இருந்ததோ அந்த அரபிக்காரர், அந்தப் பக்கத்தில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர். நிலம் என்று சொல்கிறேனே தவிர, மூன்று குளிர்காலமாக மழை எட்டிப் பார்க்காத வெறும் மணல் அது. மேய்ச்சல் எல்லாம் கருகி, வேர்கூட மிஞ்சவில்லை. ஒட்டகங்கள் கம்பி வேலியைக் கடித்துக்கொண்டு நிற்கும். பட்டிக் கிணறுகள் உவர்த்துப் போய்விட்டதால் தினமும் டேங்கரில் தண்ணீர் கொண்டுபோய்த் தொட்டிகளை நிரப்புவது என் வேலை. சிவகங்கைச் சீமையில் கண்மாய் வற்றிப் பார்த்தவன் நான். வறட்சிக்குப் பயந்து கப்பலேறி, வறட்சிக்கே வந்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன் என்று எனக்கே சிரிப்பு வரும்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்தவர். கலவரத்துக்குப் பிறகு, நிலைமை சரியாகும்வரை என்று சொல்லிக்கொண்டு வந்து, இங்கே ஒட்டகங்களுக்குத் தீவனமும் மருந்தும் பார்க்கிற ஸ்டோர்காரர் ஆகியிருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் தீவன மூட்டைகளுக்கு நடுவே உட்காருவார். ஊரில் மனைவியும் ஒரே மகளும். மகளுக்குப் பதினேழு வயது. அந்தப் பெண்ணின் படத்தை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவில்லை, சுவரிலும் ஒட்டவில்லை. ஒட்டக மருந்துகள் இருக்கும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்திருந்தார். வெயிலில் படம் மஞ்சளாகிப் போகுமாம். ஒட்டகத்துக்கு ஊசி போட வேண்டிய ஒவ்வொரு முறையும் மகளைப் பார்த்துவிடுவார்.

கேம்ப்பில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் யாரும் மீறியதில்லை. ஒருவனுக்குக் கடிதம் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று மற்றவன் கேட்கக் கூடாது. அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஒன்பது பேர் வாழ்கிற இடத்தில், மனைவி என்ன எழுதினாள், அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஆளாளுக்குக் கேட்டால் ஒருவனும் உருப்படியாக வேலை செய்ய முடியாது. டவுனில் இருந்து கடிதங்களைக் கொண்டுவருவது டேங்கர் ஓட்டும் நான். கையில் கொடுப்பேன், முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுவேன். நல்ல வழக்கம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் கஃபீல் கேம்ப்புக்கு வந்தார். எங்களோடு தரையில் உட்கார்ந்து காவா என்கிற அரபிக் காப்பி குடித்தார். பேச்சு ஹுபாராவுக்குப் போயிற்று. வான்கோழியைவிடச் சின்னதாக, மணல் நிறத்தில், கழுத்தோரம் கறுப்புக் கோடு ஓடும் பறவை. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து இறங்கும். அவருடைய தகப்பனார் இதே நிலத்தில் பருந்தை விட்டு அதைப் பிடித்த கதையைச் சொன்னார். பணம் கொழுத்தவர்கள் அதற்காக பாகிஸ்தான்வரை போகிறார்களாம். இவருக்கு அந்த ஆசை இல்லை. தன் மண்ணில் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அரசாங்கம் வேட்டையைத் தடுத்திருக்கிறது என்று கேள்வி. ஆனால் அந்தக் காட்டில் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? "ஒன்று, ஒன்றே ஒன்று. என் நிலத்தில் காட்டுகிறவன் கேட்டதைக் கொடுப்பேன்," என்று அரபியும் இந்தியும் கலந்து சொல்லி எழுந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் வண்டி புழுதியில் மறைந்ததும் மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உமக்குத் தடம் பாக்கத் தெரியும் எண்டு சொன்னனீர்தானே?"

தெரியும். சின்ன வயதில் கரிசல் காட்டில் கவுதாரிக்குக் கண்ணி வைத்துத் திரிந்தவன். மாஸ்டருக்கு அந்தப் பறவையின் எலும்புவரை தெரியும், நம் பக்கத்துக் கானமயிலுக்கு அது சொந்தம் என்றும் சொன்னார். ஆனால் மண்ணைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேட்கப் போவது என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்குக் குடும்ப விசா கனவிலும் கிடையாது. கஃபீல் மனம் வைத்தால் மட்டும் உண்டு. ஊரில் ஷெல் விழுகிற சத்தத்தை அவர் மனைவி ஒவ்வொரு கடிதத்திலும் எழுதிக்கொண்டிருந்தார். அதை மட்டும் மாஸ்டர் தானாகவே எங்களிடம் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து விடிகாலையில் ஒட்டகங்களுக்குத் தீவனம் போட்டுவிட்டு, டேங்கரில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார். பட்டி பட்டியாகப் போனோம். நான் தொட்டியை நிரப்பும் நேரத்தில் அவர் சுற்றிலும் குனிந்துகொண்டே நடப்பார். ஹுபாராவுக்கு முன்விரல் மூன்று மட்டும்தான், பின்விரல் கிடையாது. அதுதான் அடையாளம் என்று அவரே புத்தக ஞாபகத்தில் சொன்னார். ஆனால் காற்று பாதி அழித்த மணலில் பின்விரல் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க என் கண் வேண்டியிருந்தது. ஒருநாள் தூரத்தில் நின்று கைதட்டிக் கூப்பிட்டார். ஓடிப் போனேன். வரிசையாகத் தடம். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை மைல் பின்தொடர்ந்து ஒரு கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றோம். அங்கே ஒரு பலூச்சிக் கிழவர் தன் கோழிக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். "அரே பாய், யே தோ மேரி முர்கி ஹை," இது என் கோழியப்பா என்று அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மாஸ்டர் தன் வெள்ளைச் சட்டையோடு மணலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மார்கழி போயிற்று. பறவை இல்லை. செத்த ஒட்டகக் குட்டிகளைப் பார்த்தோம், வற்றிய கிணறுகளைப் பார்த்தோம், ஆள் கிளம்பிப் போன வெறும் பட்டிகளைப் பார்த்தோம். அப்படி ஒரு கைவிட்ட பட்டி எங்கள் கேம்ப்பிலிருந்து முக்கால் மணி நேர நடையில் இருந்தது. அங்கே ஒரே ஒரு மரம் நின்றது. அரபிகள் காஃப் என்பார்கள். பார்த்தால் நம் ஊர் வன்னி மரமேதான். மதியம் டேங்கரை அதன் நிழலில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுவேன். டேங்கரின் பின்வால்வு அப்போதே ஒழுக ஆரம்பித்திருந்தது. துணியைச் சுற்றிக் கட்டியும் நிற்கவில்லை. ஃபோர்மேன் தினமும் என்னைத் திட்டுவார். புது வால்வு கேட்டிருக்கிறேன், வரவில்லை, நான் என்ன வாயை வைத்தா அடைக்க முடியும் என்று நானும் பதிலுக்குக் கத்துவேன்.

தை மாதம் ஒரு நாள் மாஸ்டருக்குக் கடிதம் வந்தது. நீல நிறத்து விமானக் கடிதம். டேங்கரில் உட்கார்ந்தே பிரித்துப் படித்தார். நான் வழக்கப்படி வெளியே இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தேன். எல்லா டயரும் தட்டி முடித்து ஏறும்போது கடிதம் மடிந்து பைக்குள் போயிருந்தது. "எல்லாரும் சுகமாம்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் டேங்கரில் வருவது குறைந்தது. முழங்கால் வலி என்றார். வன்னி மரத்துப் பக்கம் நன்றாகப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, "அங்காலை ஒண்டும் இல்லைத் தம்பி. நான் நடந்து போய்ப் பாத்திட்டன்," என்றார். முழங்கால் வலிக்காரர் முக்கால் மணி நேரம் நடந்திருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இன்னொரு நாள் சம்பந்தமே இல்லாமல், "உந்த வால்வைத் திருத்தாதையும். ஒழுகினா ஒழுகட்டும்," என்றார். ஃபோர்மேனிடம் திட்டு வாங்குவது நான்தானே, உங்களுக்கு என்ன என்று சிரித்து விட்டுவிட்டேன்.

ஒரு காலையில் வழக்கத்துக்கு மாறாக, மதியத்துக்குக் காத்திராமல் வெயிலேறுமுன் வன்னி மரத்தடிக்குப் போனேன். டேங்கர் ஒழுகி ஒழுகி ஈரமான இடத்தில் பாய் அகலத்துக்குப் பச்சை. மூன்று வருடம் மழை காணாத மண்ணில், என் ஓட்டை வால்வின் தயவில் ஏதோ பூண்டு முளைத்துத் தளதளவென்று நின்றது. மதியம் அரைத்தூக்கத்தில் அதன் பக்கத்தில்தான் இத்தனை நாள் படுத்திருந்திருக்கிறேன். அந்தப் பச்சை ஓரத்தில் தடம். மூன்று விரல், பின்னால் வெறும் மண். கவுதாரி இல்லை, கோழி இல்லை. அடுத்த நொடியே இன்னொன்றும் கண்ணில் பட்டது. தடங்களுக்கு நடுவே மண்ணை வன்னிக் கிளையால் பெருக்கிய கோடுகள், பக்கத்தில் மாஸ்டரின் செருப்புத் தடம். பழைய தடங்களை அவர் தினமும் வந்து அழித்திருக்கிறார். அன்று அவர் வரவில்லை போலும், விடியற்காலைத் தடம் மட்டும் தப்பியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை இன்றும் மறக்க முடியவில்லை. இவர் பார்த்துவிட்டார், பார்த்தும் மறைக்கிறார். படித்த மனிதர், பறவைமேல் இரக்கம் வந்துவிட்டது. பிள்ளை பெரிதா, குருவி பெரிதா? வயதுக்கு வந்த மகளை ஷெல்லுக்கு நடுவே விட்டுவிட்டு இங்கே மணலைக் கூட்டிக்கொண்டிருக்கிறாரே! நேரே போய் அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பேச்சு வீட்டுக்குப் போகும், வீட்டிலிருந்து கடிதத்துக்குப் போகும். எங்கள் வழக்கம் என் வாயைக் கட்டிவிட்டது. அவர் வாய் திறக்காததை நாமே செய்துவிடுவோம், பிறகு நன்றி சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றே டேங்கரை டவுனுக்கு விட்டு, கஃபீல் வீட்டு வாசலில் நின்றேன். "மாஸ்டர் ஹுபாராவைக் கண்டுபிடித்துவிட்டார்," என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியும்போதே கஃபீலின் வண்டி வந்தது. பின்னால் பருந்துக்காரர், அவர் கைமேல் கண்மறைத்த பருந்து. கஃபீல் இறங்கி மாஸ்டரைக் கட்டிக்கொண்டு, முன் இருக்கையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். எங்களில் யாருக்கும் கிடைக்காத மரியாதை அது. மாஸ்டர் என்னை ஒரு தரம் பார்த்தார். என் முகத்தில் பெருமைகூட இருந்திருக்கும். வெட்கக்கேடு.

பறவை பச்சை ஓரத்தில்தான் நின்றது. வண்டியைக் கண்டதும் ஓடவில்லை. மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொண்டது. எனக்கே அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பருந்தின் கண்மறைப்பைக் கழற்றினார்கள். பிறகு நடந்ததற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பறவை எழுந்தது, இறக்கையில் வெள்ளை பளிச்சென்று விரிந்தது, தாழவே பறந்தது, விழுந்தது. கஃபீல் ஓடிப் போய் பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். திரும்பி வந்தபோது அந்தப் பெரிய மனிதரின் கண் கலங்கியிருந்தது. தன் வாப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவரை வெறுக்க நான் எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

"ஹலாஸ், முடிந்தது மாஸ்டர். என்ன வேண்டும், கேள்," என்றார்.

மாஸ்டர் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் உடைந்த அரபியில், தனக்கு மாஃபி, ஒன்றும் வேண்டாம், தடத்தைக் கண்டவன் இந்த டிரைவர், இவனுக்கு ஊரில் மனைவி இருக்கிறாள், இவன் குடும்பத்துக்கு விசா கொடுங்கள் என்று என்னைக் காட்டினார். கஃபீல் வியப்பாகப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு, யல்லா, அப்படியே ஆகட்டும் என்றார். நான் இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கையை ஆட்டும்போதே உள்ளே சந்தோஷம் வந்துவிட்டது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வண்டிகள் போன பிறகு, மரத்தடியில் வைத்து அந்த நீலக் கடிதத்தைத் தானாகவே என்னிடம் நீட்டினார். முழுதும் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. படித்த நாலு வரியும் இன்றுவரை போகவில்லை. *பிள்ளை போன கிழமை பள்ளிக்கூடம் எண்டு வெளிக்கிட்டவள், வரேல்லை. இயக்கத்துக்குப் போயிட்டாள் எண்டு கூடப் படிக்கிற பிள்ளையள் சொல்லுதுகள். இனி எனக்கு விசா ஒண்டும் பாக்க வேண்டாம். இந்த வீட்டை விட்டு நான் வரமாட்டன். வாசல் படலையை இப்ப பூட்டுறேல்லை. அவள் வரேக்கை பூட்டிக் கிடந்தா என்ன செய்வாள்?*

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"உம்மில பிழை இல்லைத் தம்பி. நான் சொல்லேல்லை, நீர் கேக்கேல்லை," என்றார். பிறகு குனிந்து, மண்ணைப் பெருக்கிய கிளையை எடுத்து ஓரமாகப் போட்டார். "அது ஒவ்வொரு நாளும் விடியத் திரும்பி வந்தது. அதைப் பாக்கத்தான் வந்தனான். வேறை ஒண்டும் இல்லை."

என் மனைவி சித்திரையில் வந்து சேர்ந்தாள். அல் ஐனில் ஒற்றை அறை பிடித்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டர் அதே தேய்த்த சட்டையோடு சாப்பிட வந்தார். "சுகமா வந்து சேந்தீரோ, பிள்ளை?" என்று அவளிடம் கேட்டார். அவள் பரிமாறிய வத்தக்குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். யார் விட்டுக்கொடுத்த விசாவில் வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கஃபீலின் கருணை என்று சொல்லி வைத்திருந்தேன். இந்த மனிதரின் எதிரில் சொல்ல என் நாக்கு புரளவில்லை, பிறகும் புரளவில்லை.

அந்த வருடமே அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அங்கிருந்து எல்லோரும் தப்பி ஓடிவர, நீங்கள் உள்ளே போகிறீர்களே என்று கேட்டவர்களுக்கு, வீட்டில் ஆள் தனியாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னார். டாக்ஸி நிலையத்துக்கு என் டேங்கரில்தான் வந்தார். வழியில் வன்னி மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். அதற்குள் புது வால்வு வந்து, ஃபோர்மேன் தானே நின்று மாட்டியிருந்தார். பச்சை இருந்த இடத்தில் காய்ந்த குச்சிகள் கிடந்தன.

"வால்வைத் திருத்திப்போட்டினமோ?"

"ஆமா மாஸ்டர்."

"ம்," என்றார். ஏறிக்கொண்டார்.

ஊர் போய்ச் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார். வந்து சேர்ந்துவிட்டேன், வீட்டில் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம் என்று. இரண்டு பேர் என்று எழுதியிருந்ததை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் போட்ட கடிதங்களுக்கு அதன் பிறகு பதில் இல்லை. அந்தப் பக்கத்தில் என்னென்னவோ நடந்தது. அவர் வீடு, தெரு, படலை எதைப் பற்றியும் எனக்கு ஒரு தகவலும் இல்லை. மாஸ்டரை ஒரே ஒரு தரம் பார்த்துவிட மாட்டோமா என்று முப்பது வருடத்துக்கு மேலாக ஏங்கிக்கொண்டிருக்கிறேன். பார்த்தால் கேட்க வேண்டியது ஒன்றுதான். இப்போது கேட்பேன். எந்த வழக்கமும் என்னைத் தடுக்காது.

அல் ஐனில் பிறந்த என் மகள் போன மாதம் சென்னையிலிருந்து வந்திருந்தாள். நான் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில், அம்மாவின் புலம்பல் தாங்காமல், கொல்லைக் குழாய்க்குப் புது வாஷர் போட்டுவிட்டாள். திரும்பி வந்து பார்த்தேன். சொட்டவில்லை. ஸ்பேனரை எடுத்து, உட்கார்ந்து, பழைய வாஷரையே தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, என்னப்பா பண்றீங்க? திரும்ப லீக் ஆகுது பாருங்க!"

அன்றைக்குத்தான் சொன்னேன். கீழே உட்கார்ந்தபடியே, ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே, கோழித் தடம் முதல் நீலக் கடிதம்வரை எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் பிறந்ததே யாருடைய விசாவில் என்பதையும் சொன்னேன். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சமையலறை நிலைப்படியில் என் மனைவி எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

"அந்தப் புள்ள வீட்டுக்கு வந்துச்சாங்க?" என்று கேட்டாள்.

"தெரியல," என்றேன்.

அவள் படியிறங்கி வந்து, குழாயடியில் கிடந்த புது வாஷரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு குழாயைப் பற்றி யாரிடமும் அவள் சொல்லிச் சிரிப்பதில்லை. இன்று காலை நான் பல் துலக்கப் போனபோது, எனக்கு முன்னால் அவள் அங்கே குனிந்து நின்று ஈரமண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.